மொட்டுக் கோபுரத்துக்கு எதிர்ப்பு இல்லை

என் கடைக்கு வருகிறவர்கள் ஏதாவது ஒரு வேலையாகத்தான் வருவார்கள். பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்க்க வேண்டும், பொலிசுக்குச் சிங்களத்தில் ஒரு கடிதம் அடிக்க வேண்டும், அடையாள அட்டையைப் பிரதி எடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் போய்விடுவார்கள். உங்களைப் போல உட்கார்ந்து நான் சொல்வதைக் கேட்டவர்கள் குறைவு. அந்த ஜன்னலை மட்டும் சாத்திவிடுங்கள் ஐயா. தலவாக்கலைச் சாரல் நீங்கள் எழுதுகிற கடதாசியை நனைத்துவிடும்.

பெயர் நஸார். வயது அறுபத்தொன்று. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர், தமிழும் சிங்களமும். மனைவி செரீபா காலமாகி ஆறு வருஷம். ஒரே மகள் ஸில்மியா டோஹாவில், முப்பத்து நான்காம் மாடியில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு வீடியோவில் அழைப்பாள். "வாப்பா, சாப்பிட்டீங்களா? மருந்து குடிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டு, போனை ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். அவள் முகத்தைவிட அந்த ஊர்க் கட்டடங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பார்க்கப் பார்க்க அவை பிடித்துப்போயின.

அதனால் சின்னக்கல் தேயிலைத் தோட்டத்து மலைமுகட்டில் புதிய நகரம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டபோது நான் மற்றவர்களைப் போல முகம் சுளிக்கவில்லை. மூன்று கோபுரங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் போல. நடுவில் நிற்கிற மொட்டு முப்பது மாடி, முழுக்கக் கண்ணாடி. படம் வெளியான வாரம் டவுனில் வேறு பேச்சே இல்லை. ரொக்கெட் மாதிரி இருக்கிறது என்றார்கள். வாழைப்பூவைக் குத்தி நிறுத்தியது போல இருக்கிறது என்றார்கள். இந்தக் குளிரில் கண்ணாடி வீட்டில் இருப்பவன் விறைத்துப் போவான் என்றார் பேக்கரிக்காரர். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

கேட்டது இஷாராதான். அந்தக் கட்டடத்தை வரைந்த கொழும்புப் பெண். துண்டுப்பிரசுரத்தைத் தமிழில் எழுதித் தரச் சொல்லி வந்தாள். ஸில்மியாவைவிட இரண்டு வயது குறைவு. வேலை முடிந்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. தேநீர் குடித்துக்கொண்டே வரைபடத்தை என் மேசையில் விரித்து, "அங்கிள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று சிங்களத்தில் கேட்டாள். மொட்டு மிகவும் நேராக நிற்கிறது, செடியில் மொட்டு வெளிச்சத்தின் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும் என்றேன். அடுத்த வாரம் புதிய வரைபடத்தோடு வந்தாள். கோபுரம் கிழக்கே மெல்லச் சாய்ந்திருந்தது. ஓரத்தில் என் பெயரைச் சிறிதாக எழுதியிருந்தாள். நான் சொல்லி இந்த உலகத்தில் ஏதோ ஒன்று மாறியது. அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். எனக்கு அது புதிது.

பொதுமக்களின் கருத்தைக் கேட்காமல் அனுமதி கிடைக்காது. கூட்டம் தோட்டத்துப் பாடசாலை மண்டபத்தில் நடந்தது. மேடையில் நான்கு அதிகாரிகளும் இஷாராவும், யாருக்கும் தமிழ் தெரியாது. கீழே நூறு பேருக்கு மேல், மேடையில் பேசும் அளவுக்குச் சிங்களம் யாருக்கும் இல்லை. நடுவில் நான், கையில் மைக்.

ஓட்டோ ஓட்டுகிற ஜீவராஜுக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. "படத்துல வாற மாதிரி இருக்கு, கட்டுங்க" என்றான். அதை அப்படியே சொன்னேன். பிறகு நாகலெட்சுமி எழுந்தாள், கொழுந்து எடுக்கிறவள். "நாங்க குனிஞ்சு கொழுந்து எடுக்கணும், அவுங்க மேல உக்காந்து பாக்கணும், அதுக்கா இது? எங்க லயத்து வீடுகளுக்குக் கூரைய மாத்தித் தாங்க முதல்ல" என்றாள். கொழுந்து எடுக்கும் பெண்கள் தங்கள் கொழுந்து வானத்தில் எழுவதைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று சிங்களத்தில் சொன்னேன். அதிகாரிகள் கைதட்டினார்கள். தன் பேச்சுக்குக் கைதட்டுகிறார்கள் என்று அவளும் சிரித்தாள். யாருக்கும் நட்டமில்லை.

அவள் புருஷன் வீரய்யா பேசியதுதான் கொஞ்சம் கடினம். முப்பது வருஷம் தோட்டத்தில் கான் வெட்டிய மனிதர். அந்த மலையில் எந்த மழைத் தண்ணீர் எந்தக் கான் வழியாக இறங்கும் என்பது அவருக்கு மனப்பாடம். "மேல வெட்டுனா தண்ணி வழி மாறிப் போகுங்க. கீழ எங்க லயம் இருக்கு. பிள்ளைகுட்டி இருக்கு" என்றார். இந்தப் பெரியவர் மலையின் நீர்வளத்தைப் பற்றிப் பேசுகிறார், கட்டடம் மலையோடு இசைந்து நிற்க வேண்டும் என்கிறார் என்று சொன்னேன். இஷாரா அதைக் குறித்துக்கொண்டாள்.

"நானா, என்ன சொன்னாங்க?" என்று வீரய்யா வெளியே வந்து கேட்டார். எங்கள் ஆட்களை அண்ணன் முறையில் இங்கே நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"கவனமாப் பாத்துக்கிறமுன்னு சொன்னாங்க."

அறிக்கையில் நூற்றுப் பன்னிரண்டு பேருடைய கருத்தும் இருக்கிறது. நான்தான் அடித்தேன். எதிர்ப்பு என்று எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டேன்.

மலைமுகட்டை வெட்டத் தொடங்கி மூன்று மாதம் கழித்து வீரய்யா மறுபடியும் வந்தார். வெட்டிய மண்ணை லயத்துக்கு மேலே குவித்திருந்தார்கள். "இவ்வளவு மழைக்கும் பெரிய கான்ல தண்ணி வரல்ல நானா. மலை குடிச்சுக்கிட்டு நிக்குது. ஒரு கடிதம் அடிச்சுத் தாங்க" என்றார். சிங்களத்தில் அடித்துக் கொடுத்தேன். நாற்பத்தாறு பேர் கையெழுத்து வைத்தார்கள். புதிய நகரத்தை வரவேற்கிறோம், எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுத் திடல் அமைத்துத் தந்தால் நன்றியுடையவர்களாக இருப்போம் என்று அதில் இருந்தது. விளையாட்டுத் திடல் அவர்களுக்குத் தேவையாகத்தான் இருந்தது ஐயா. கம்பனி அந்தக் கடிதத்தைக் கண்ணாடி போட்டு வேலைத்தள அலுவலகத்தில் மாட்டியது.

நான் பொய்யன் என்று நினைப்பீர்கள். மனிதர்கள் கோபத்தில் ஒன்று சொல்வார்கள், பயத்தில் ஒன்று சொல்வார்கள். நாளைக்கு வேறு சொல்வார்கள். நான் அவர்கள் நாளைக்குச் சொல்லப் போவதைச் சொன்னேன். அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

இனி நீங்கள் கேட்க வந்த நாள்.

நவம்பர் மாதம், செவ்வாய்க்கிழமை. மழை நான்கு நாளாக விடவில்லை. மறுநாள் காலையில் இஷாரா வெளிநாட்டு விருந்தினர்களோடு இடத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. பகல் சாப்பாட்டுக்கு என் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். அவர்களை ஹோட்டலுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக வருகிறேன் அங்கிள் என்றாள். செரீபா போன பிறகு என் வீட்டில் யாரும் சாப்பிட்டதில்லை. கோழிக்குச் சொல்லி வைத்திருந்தேன். அலுமாரியிலிருந்து செரீபாவின் பீங்கான் தட்டுகளை எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பகல் இரண்டரை மணி.

வீரய்யா. "நானா, லயத்துப் பின் செவுரு பிளந்திருச்சு. கதவு சாத்துப்படுதில்ல. அனர்த்த ஆபீசுக்குக் கோல் எடுத்தோம், அவுங்க பேசுறது எங்களுக்கு வெளங்கல்ல, நாங்க பேசுறது அவுங்களுக்கு வெளங்கல்ல. நீங்க சிங்களத்துல சொல்லுங்க. வெளிய போய் ஸ்கூல்ல இருக்கவான்னும் கேளுங்க. மழை அடிச்சு ஊத்துது, கைப்பிள்ளைங்க இருக்கு."

கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்தேன். மாவட்ட அனர்த்த அலுவலகத்தின் எண் என் மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருக்கிறது, பாருங்கள். அழைத்தால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். உடனே வருவார்கள். வேலையை நிறுத்துவார்கள், பாதையை மூடுவார்கள். புதன்கிழமை யாரும் வரமாட்டார்கள்.

மிச்சமிருந்த தட்டுகளைத் துடைத்து வைத்தேன். பத்து நிமிடம் கழித்து வீரய்யாவுக்கு எடுத்தேன்.

"கதைச்சிட்டேன் வீரய்யா. இஞ்சினியர்மார் பாத்தாங்களாம். பழைய செவுருன்னா மழைக்கு வெடிக்கத்தான் செய்யுமாம். பயமில்லயாம். பிள்ளைகள நனைய விடாம உள்ளயே இருக்கச் சொன்னாங்க."

"அல்லா உங்களுக்கு நல்லது செய்யட்டும் நானா" என்றார் அவர். அவர் கோயிலுக்குப் போகிறவர். எனக்காக அப்படிச் சொன்னார்.

நாலேகாலுக்கு மலை இறங்கியது. சத்தம் டவுன் வரை கேட்டது. நாகலெட்சுமி கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் இருந்ததால் தப்பினாள். உள்ளே இருந்தவர்கள் பதினொரு பேர். வீரய்யா கதவுக்குப் பக்கத்தில் கிடைத்தாராம்.

நாற்பது நாள் கழிந்து நாகலெட்சுமி வந்தாள். மரணச் சான்றிதழுக்கு விண்ணப்பம் அடிக்க வேண்டும். அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். "நீங்க ஒருத்தர்தான் எங்களுக்காக ஆபீசுக்குப் பேசுனீங்க நானா. அவுங்கதான் பொய் சொல்லிட்டாங்க" என்றாள். நான் மறுக்கவில்லை. அவள் அழுது முடிக்கும் வரை கூட இருந்தேன். தேநீர் போட்டுக் கொடுத்தேன். நிறைய நேரம் பேசிக்கொண்டிருந்தாள். பிறகும் இரண்டு முறை வந்தாள்.

இஷாரா வரவில்லை. என் அழைப்புகளை அவள் எடுப்பதில்லை. அவளைக் குற்றம் சொல்லாதீர்கள். அவள் மக்கள் கருத்தைக் கேட்டுத்தான் கட்ட வந்தாள். எல்லாருக்கும் பிடித்திருக்கிறது என்று நம்பினாள்.

நீங்கள் கொண்டு வந்திருக்கும் என் தொலைபேசி அழைப்புகளின் பட்டியல் சரிதான். அன்று நான் அனர்த்த அலுவலகத்துக்கு அழைக்கவில்லை. எந்த இஞ்சினியரும் எதையும் பார்க்கவில்லை. உள்ளே இருங்கள் என்று சொன்னது நான். மலை இறங்கும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டால், வீரய்யாவுக்குத் தெரிந்திருந்தது, அவர் சொன்னதை இந்த ஊரில் முழுமையாகப் புரிந்துகொண்டவன் நான் ஒருவன்தான்.

கையெழுத்து எங்கே வைக்க வேண்டும்? ஒவ்வொரு பக்கத்திலுமா? சரி. கொழும்புக்கு அனுப்புவதென்றால் இதைச் சிங்களத்தில் மாற்ற வேண்டியிருக்கும் ஐயா. இங்கே அதற்கு வேறு ஆள் கிடையாது. விட்டுவிட்டுப் போங்கள், நானே செய்து வைக்கிறேன். நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம். பகல் சாப்பாட்டு நேரமாகப் பார்த்து வாருங்கள்.