பின்பால் பெட்டியில் பதினான்கு பென்சில் புள்ளிகள்

எனக்கு வயது ஐம்பத்திரண்டு, லிஃப்ட் மெக்கானிக், ஓர் அச்சகத்துக்கு மேலே இரண்டாம் மாடியில் தனியாகக் குடியிருக்கிறேன். இருபது ஆண்டுகளாகப் பழைய பின்பால் விளையாட்டுப் பெட்டிகளைச் சேர்த்து வருகிறேன். மின்சாரம் இல்லாத ஆதி வகை மட்டும். ஸ்பிரிங்கை இழுத்துவிட்டால் இரும்புக் குண்டு மேலே ஏறி, பித்தளை ஆணிகளில் மோதி மோதிக் குழியில் விழும். என்னிடம் ஆறு இருந்தன. ஆறாவதில் ஒரு குண்டு குழியில் விழுந்தால் இன்னொரு குண்டை விடுவிக்கும் நெம்புகோல் உண்டு. அப்படி ஒன்றை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதை ஓட வைக்க எனக்கு மூன்று வருடம் பிடித்தது.

சென்ற மாதம் வேலையில் கால் முறிந்து பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தேன். வீட்டுச் சாவி என் தம்பியிடம் இருந்தது. திரும்பி வந்தபோது அந்த ஆறாவது பெட்டி இருந்த இடத்தில் அதன் நான்கு கால்களின் தடம் மட்டும் இருந்தது. தம்பியைக் கேட்டதற்கு, "நான் போற கிளப் மேனேஜர் ஆசைப்பட்டுக் கேட்டாரு, அக்கா. உனக்குத்தான் இன்னும் அஞ்சு இருக்கே" என்றான். "உனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கே, ஒண்ணத் தூக்கிக் குடுத்துடுவியா?" என்று கேட்டேன்.

அதன் பிறகு ஊன்றுகோலுடன் கிளப்புக்குப் போனேன். காலை பதினொரு மணி இருக்கும். பெட்டியின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கலர் பல்பு மாட்டுவதற்காக எலக்ட்ரீஷியன் பலகையில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். எண்ணிப் பார்த்தேன், பதினான்கு. பெட்டி என்னுடையது, கொடுக்கத் தம்பிக்கு உரிமை இல்லை என்று மேனேஜரிடம் சொன்னேன். "ஆணியடிச்ச பலகைக்கா இவ்வளவு ரகளை? போம்மா, போய்க் காலப் பாரு" என்றார். அதன் பிறகு துளை போடும் கருவியின் ஒயரைப் பிடுங்கினேன். ஊன்றுகோலால் மேனேஜரை அடித்தேன் என்பது பொய். அவரே பின்னால் நகர்ந்து நாற்காலி தடுக்கி விழுந்தார். அதன் பிறகு நான்கு திருகுகளைக் கழற்றி, நெம்புகோலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். எலக்ட்ரீஷியன் தடுக்கவில்லை, கதவைத் திறந்துவிட்டார்.

நெம்புகோல் எங்கே என்று இந்தக் காவல் நிலையத்தில் என்னிடம் மூன்று முறை கேட்கப்பட்டது. சொல்ல மாட்டேன். பெட்டி துளை விழாமல் வீடு வந்து சேர்ந்தால் நெம்புகோலை நானே அதில் மாட்டிவிடுவேன். நீதிபதி கேட்டாலும் இதே பதில்தான்.

என் வாக்குமூலத்தை எழுதி எனக்குப் படித்துக் காட்டினார்கள். அதில் "திருடினேன்" என்று இரண்டு இடத்தில் இருந்தது. அந்தச் சொல்லை அடித்துவிட்டு "எடுத்தேன்" என்று எழுதினால்தான் கையெழுத்து என்று சொல்லி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அடித்து எழுதினார்கள். இப்போது இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை.

(கையெழுத்து)