ரெண்டு நிமிஷம், மச்சான்

சார், நான் பொறுமைசாலி. பல் ஆஸ்பத்திரியில்கூட என் முறை வரும்வரை பழைய பத்திரிகையைப் புரட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் இருப்பவர் முனகினால் அவருக்கும் ஆறுதல் சொல்வேன்.

எங்கள் இயந்திரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சூரியனுக்குள் நடக்கும் அணுக்கரு இணைவை இங்கேயே நடத்துகிறோம் என்று பார்க்க வருகிறவர்களிடம் விஞ்ஞானிகள் பீற்றிக்கொள்வார்கள். பதினெட்டு வருடத்தில் அது ஒரு டம்ளர் தண்ணீரைச் சுட வைத்து நான் பார்த்ததில்லை. ஓடியதைவிட நிறுத்திவைத்துப் பழுது பார்த்ததுதான் அதிகம். லாரி ட்யூப் மாதிரி வளைந்த எஃகு அறை. நிறுத்தியிருக்கும்போது ஆட்கள் உள்ளே தவழ்ந்து போய்ச் சுவரில் பதித்த, சூடு தாங்கும் ஓடுகளை மாற்றுவார்கள். முடிந்ததும் கதவை மூடி, உள்ளே இருக்கும் காற்றை ஒட்ட உறிஞ்சி எடுப்போம்.

கதவு என் பொறுப்பு. உள்ளே போகிறவர் தன் டோக்கனைப் பலகையில் மாட்டிவிட்டுப் போவார். வெளியே வந்ததும் எடுத்துக்கொள்வார். பலகை காலியானால்தான் கதவை மூடலாம். குழந்தைக்கும் புரியும் ஏற்பாடு.

என் தங்கை புருஷனுக்கு மட்டும் புரியவில்லை. ஓடு பொருத்துவதில் கெட்டிக்காரர், மறுக்க மாட்டேன். ஆனால் எப்போது கூப்பிட்டாலும் ஒரே பதில்: "ரெண்டு நிமிஷம், மச்சான்." அந்த இரண்டு நிமிடத்தில் நான் சாப்பிட்டு, கை கழுவி, ஒரு குட்டித் தூக்கமும் போட்டிருக்கிறேன். வெளியே வந்தாலும் டோக்கனை மறந்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் எங்காவது போய்விடுவார். நான்தான் டார்ச்சோடு உள்ளே தவழ்ந்து, ஆளில்லை என்று பார்த்துவிட்டு வருவேன். முட்டி தேய்ந்தது எனக்கு.

வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கதவை மூடத் திட்டம். ஆறு பேர் வந்து டோக்கனை எடுத்துக்கொண்டார்கள். ஒன்று தொங்கியது. விதிப்படி மூன்று முறை கூப்பிட்டேன். மூன்றாவது முறை உள்ளிருந்து குரல் வந்தது.

"ஒரே ஓடுதான் பாக்கி. ரெண்டு நிமிஷம், மச்சான்."

கடிகாரத்தைப் பார்த்தபடி இரண்டு நிமிடம் நின்றேன். பெரிய மனது பண்ணி இன்னும் ஒரு நிமிடம் சேர்த்தே நின்றேன். பிறகு டோக்கனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கதவை மூடி, போல்ட்டுகளை வரிசையாக முறுக்கினேன். உள்ளே தட்டினார். அவர் அவ்வளவு சுறுசுறுப்பாக இருந்து நான் பார்த்ததே இல்லை. கிரேன் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்கவில்லை. பலகை காலி என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னேன். பம்பைப் போட்டார்கள்.

மறுநாள் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, அவரு நேத்து வீட்டுக்கு வரல. அங்க இருக்காரா?"

"இங்கதாம்மா எங்கயாவது இருப்பாரு. அவரப் பத்தி உனக்குத் தெரியாதா?"

நான் பொய் சொல்லவில்லை. அவள் அழுதாள். இப்படி ஒருவரைக் கட்டிக்கொண்டாளே என்று உண்மையிலேயே வருத்தப்பட்டேன்.

இதற்கிடையே உள்ளே காற்றழுத்தம் இறங்க மறுத்தது. எவ்வளவு உறிஞ்சினாலும் எங்கிருந்தோ நீராவி வந்துகொண்டே இருக்கிறது என்றார் பம்பு என்ஜினியர். தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது என்று முடிவு கட்டி, இருநூறு இணைப்புகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். ஏணி பிடித்தது நான்தான். ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறக்கச் சொன்னார்கள். நானே திறந்தேன். ஒழுகியது குழாய் இல்லை, அவர் உடம்பு.

கொலை என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் வேலை மூன்று நாள் தள்ளிப்போனதையும் என் தலையில் கட்டியிருக்கிறீர்களே, அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள் சார். சொன்ன நேரத்துக்கு நான் கதவை மூடிவிட்டேன். தாமதம் அவரால் வந்தது.