என் அண்ணன் எண்ணாத மாதங்கள்

போதும், நான் வாய்மூடி இருந்தது போதும்! தலைமையேற்றிருக்கும் பெருந்தகையே, மன்றத்தின் மூத்தோரே, முன்வரிசைத் தாய்மார்களே, கைதட்டக் காத்திருக்கும் தம்பிமார்களே, வணக்கம்!

மறுபிறவி உண்டா என்று மூன்று கூட்டங்களாக முழங்குகிறீர்கள். படித்தவன் நம்புவானா என்று கேட்டார் ஒருவர். நம்புவான் ஐயா! கணினியில் நொடியை நூறாகக் கூறுபோடும் பொறியாளர் ஒருவர் நம்புகிறார். அவர் என் அண்ணன்.

அப்பா என்னோடு ஒன்பது ஆண்டுகள் பேசவில்லை. அவர் பார்த்துவைத்த வேலையை உதறிவிட்டு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தது என் குற்றம். அவர் திடீரென்று இறந்தபோது, எல்லாம் முடிந்த பிறகே அண்ணன் எனக்குத் தகவல் சொன்னார். மறப்பேனா? மன்னிப்பேனா?

பிறகு அண்ணனுக்குப் பெண் பிறந்தாள். அப்பாவே திரும்பி வந்துவிட்டார் என்றார். அவர் போய் எட்டு மாதம்கூட ஆகவில்லையே என்று கேட்டவர்களிடம், அவருக்கு எப்போதும் அவசரம்தான் என்றார். சிரிக்கிறீர்களா? நானும் சிரித்தேன். ஏனென்றால், அப்பா இறப்பதற்குப் பத்து நாள் முன்பே அண்ணி யாருக்கும் சொல்லாமல் எங்கள் கூடத்துக்கு வந்திருந்தார். சோதித்தவன் நான். கரு உண்டு என்று எழுதிக் கொடுத்தவன் நான்! உயிரோடு இருக்கும்போதே ஒருவர் எப்படி ஐயா மறுபடி பிறப்பார்?

ஒரே ஒரு வாக்கியம். சொன்னால் அண்ணன் உடைந்திருப்பார். சொல்லத்தான் மருத்துவமனைக்குப் போனேன். அண்ணி என் முகத்தைப் பார்க்காமல் போர்வையின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தார். அண்ணன் குழந்தையை என் கையில் வைத்தார். "அப்பா உன்னைப் பாக்கத்தான்டா வந்திருக்காரு. அன்னிக்கு நான் பண்ணது தப்புதான்."

விழுங்கிவிட்டேன், அந்த வாக்கியத்தை.

ஆறு ஆண்டுகள் ஆகின்றன. தான் தாத்தா என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள், ஞாயிறுதோறும் வந்து என்னை அதட்டுகிறாள்: "டேய், சாப்டியா? ஏன்டா இளைச்சுட்டே?" என் அப்பா ஒருநாளும் என்னிடம் கேட்காத கேள்வி!

மறுபிறவி உண்டா? இல்லை என்பதற்குச் சான்று என்னிடம் இருக்கிறது. ஆனாலும் நம்பிய அண்ணனுக்கு நன்றி. உண்மை தெரிந்தும் வாய் திறக்காத அண்ணிக்கு நன்றி. அப்பா வாயால் கேட்க முடியாமல் போனதை என் காதில் விழவைத்த அந்தப் பொடிசுக்குக் கோடி நன்றி!

நானே மேடையேறிச் சொன்னால் மறுநாள் காலைக்குள் அண்ணன் காதுக்குப் போய்விடும். அதனால் இதைத் தபாலில் அனுப்புகிறேன். வாசிப்பவருக்கும் செவிகொடுப்போருக்கும் என் பணிவான வணக்கம். பொறியாளர் அண்ணன்மார் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். என் பெயர் இருந்தால்தான் அவர் இன்னார் என்று தெரியும். ஆகவே கீழே கையெழுத்துப் போடவில்லை.