பனிச்சரிவில் வெந்த சிவப்பரிசிச் சோறு

பெயர்: தவமலர் யோகலிங்கம். வயது: அறுபத்து மூன்று. பிறந்த இடம்: கோண்டாவில், யாழ்ப்பாணம். விலாசம்: ரெய்னர்ஸ் லேன், ஹரோ, லண்டன். தொழில்: பாடசாலைச் சமையலறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். மொழி: தமிழ்.

பெண் பொலிஸ் உத்தியோகத்தர் ஆங்கிலத்தில் கேட்க, மொழிபெயர்ப்பாளர் திருமதி பெர்னடெற் தமிழில் எழுத, நான் இந்த வாக்குமூலத்தை என் சொந்த விருப்பத்தில் கொடுக்கிறேன். கண்டதைச் சொன்னால் போதும், நினைத்ததைச் சொல்லத் தேவையில்லை என்று எனக்கு விளங்கப்படுத்தப்பட்டது. என் வாய் அப்படிப்பட்ட வாய் இல்லை, இருந்தாலும் முயற்சி செய்கிறேன் என்று பதில் கூறினேன்.

எனக்கு ஒரே மகன், பெயர் சுஜீத், எலெக்ட்ரீசியன். அவனுடைய மனைவி சிவரூபினி கார் ஓட்டப் பழக்கும் ஆசிரியை. எங்கள் பகுதியில் பத்து வருடமாகப் பஸ்ஸுக்குக் காத்து நின்ற எத்தனையோ தமிழ்ப் பெண்கள் இன்று தாங்களே ஸ்ரியரிங் பிடிக்கிறார்கள் என்றால் அது அவள் பழக்கியது. அவளுடைய காரின் முன்கண்ணாடியில் ஆசிரியைக்கான பச்சை அட்டை இருக்கிறது. கடந்த டிசம்பர் இருபத்தெட்டாம் திகதி பனி மூடிய மலைப்பாதையில் அவள் எங்கள் ட்ரக்கைப் பற்றறி செத்த நிலையில், விளக்கு எதுவும் எரியாமல், வீதிக்குக் குறுக்கே விட்டுவிட்டுப் போனாள் என்றும், அதனால்தான் தன்னுடைய கார் அதில் மோதியது என்றும் நீலக் கார் ஓட்டிவந்த கனவான் முறைப்பாடு செய்திருக்கிறார். அது உண்மையென்று தீர்ந்தால் அந்தப் பச்சை அட்டை போய்விடும். அதற்காகவே நான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

ட்ரக்கைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். அது சுஜீத் வேலைக்காக வாங்கிய மின்சார பிக்அப் ட்ரக். பெற்றோலும் இல்லை, டீசலும் இல்லை, சத்தமும் இல்லை. முன்பக்க மூடியைத் திறந்தால் எஞ்சின் இருக்கவேண்டிய இடத்தில் பெரிய பெட்டி ஒன்று, அதற்குள் வீட்டுச் சுவரில் இருப்பதைப் போலவே பிளக் பொயின்ற்கள். அதைக் கண்ட அன்று என் கணவர் யோகலிங்கம் "எஞ்சினை ஆரோ களவெடுத்திட்டாங்கள்" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை, எனக்கு அது ஒரு குசினி, சமைக்கிற இடம் என்று உடனே விளங்கிவிட்டது. விடுமுறைக்கு வடக்கே மலைப்பக்கம் போய்ப் பேத்தி லக்‌ஷிகாவுக்குப் பனி காட்டுவதென்று முடிவானதும், ரைஸ் குக்கரில் சிவப்பரிசியைக் கழுவித் தண்ணீர் விட்டு மூடி அந்தப் பெட்டிக்குள் இறுக்கி வைத்தேன். கத்தரிக்காய்க் குழம்பும் மாசிக் கருவாட்டுச் சம்பலும் போத்தல்களில் வைத்தேன். மருமகள் பார்த்துவிட்டு "மாமி, சோபாவையும் ஏத்துவமோ?" என்று கேட்டாள்.

இருபத்தேழாம் திகதி மாலை என் கணவர் பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அடுத்த நாள் காலை முழுவதும் நேரம் சரியில்லை, இன்று மாலை நல்ல நேரத்திலேயே வண்டி வீட்டுப் படலை தாண்டவேண்டும் என்றார். அதன் பிறகு தேங்காய் உடைத்து, நான்கு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்து, மருமகள் ட்ரக்கை வெளியே எடுத்து வீதியின் மறுகரையில் நிறுத்தினாள். பயணம் தொடங்கிய வண்டி திரும்ப வீட்டு வளவுக்குள் வரக்கூடாது என்பது எங்கள் வழக்கம். சார்ஜ் ஏற்றும் வயர் வீட்டுச் சுவரில் இருக்கிறது, வீதியைத் தாண்டி அது எட்டாது என்பது அந்தப் பஞ்சாங்கத்தில் எழுதியிருக்கவில்லை. இரவு முழுவதும் உறைபனியில் வெறுமனே நின்ற ட்ரக்கில் காலையில் பாதிக்குச் சற்று மேலேதான் சார்ஜ் இருந்தது. நானென்றால் ஒரு பாட்டம் கத்தியிருப்பேன். அவள் "பரவாயில்லை மாமா, வழியில ஏத்துவம்" என்று மட்டும் சொன்னாள். சுஜீத்துக்குப் பனியில் ஓட்டப் பயம் என்பதால் முழுத் தூரமும் அவளே ஓட்டினாள்.

வழியில் சார்ஜ் ஏற்றுமிடத்தில் நீண்ட வரிசை நின்றதால் கொஞ்சம் மட்டும் ஏற்றிக்கொண்டு போனோம். அதன் பிறகு மலைப்பாதையில் இறங்கும்போது பனி கொட்டத் தொடங்கியது. அவள் பிரேக்கைத் தொடவே இல்லை. அக்சிலரேற்றரில் இருந்து காலை மெல்ல எடுக்க ட்ரக் தானாகவே அடங்கி, கோயில் தேர் இறக்கத்தில் இறங்குவதுபோல நிதானமாக இறங்கியது. சுஜீத் மேலே இருந்த கைபிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தான்.

ஒரு வளைவு திரும்பியதும் கீழே லொறி ஒன்று சறுக்கி வீதியை அடைத்து நின்றது. அதற்குப் பின்னால் கார்கள் வரிசையாக நின்றன. வரிசையின் கடைசியில் நின்ற வானில் வயதான வெள்ளைக்காரத் தம்பதி இருந்தார்கள். அந்த மனிதர் மூக்கில் குழாயுடன் ஒட்சிசன் மெசினில் இருந்தார். மெசினின் பற்றறி முடியப்போகிறது என்று மனைவி கண்ணாடியைத் திறந்து அழுதாள். சிவரூபினி ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. வானுக்குப் பின்னால் ட்ரக்கைச் சரிவாக நிறுத்தி, முன்பெட்டியில் இருந்து நீண்ட வயர் இழுத்து அந்த மெசினுக்குக் கரண்ட் கொடுத்தாள். அதன் பிறகு எங்கள் ஹீற்றரை நிற்பாட்டினாள். நாங்கள் எல்லோரும் ஒரு போர்வைக்குள் ஒடுங்கி இருந்தோம். எனக்குக் கால்விரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஆனால் அந்த மெசின் "டுப், டுப்" என்று அடிக்கும் சத்தம் கேட்கக் கேட்க எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைக்காமல் சொல்கிறேன்.

அதன் பிறகு லொறிக்கு மறுபுறம் அம்புலன்ஸ் வந்தது. அதில் வந்தவர்கள் அந்த மனிதரை ஸ்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் போகும்போது மருமகளுடைய கையைப் பிடித்தார். அப்போது பின்னேரம், இருட்டத் தொடங்கிவிட்டது.

சற்றுக் கீழே மதிலுக்கு அப்பால் ஒரு பண்ணை வாசல் இருந்தது. நின்ற கார்களை ஒவ்வொன்றாக அதற்குள் இறக்கினால் எல்லோரும் தப்பலாம் என்று மருமகள் சொன்னாள். ஆனால் மேலேயிருந்து வளைவு திரும்பி வருகிற எவரும் நிற்கிற கார்களைக் காணமாட்டார்கள். ஆகவே அவள் ட்ரக்கை வளைவிலேயே காவலுக்கு விட்டாள். நாலு மூலை விளக்குகளையும் விட்டு விட்டு எரியும்படி போட்டாள். பேத்தியைக் கீழே ஒரு குடும்பத்தின் காரில் ஏற்றினாள். அதன் பிறகு எங்களிடம் வந்து, "மாமி, மாமா, நீங்கள் அந்த மதிலடியில நில்லுங்கோ. ட்ரக்குக்குக் கிட்ட வரக்கூடாது, ஒண்டும் பிளக் பண்ணக்கூடாது. மிச்சம் இருக்கிறது லைற்றுக்கும், கீழ சார்ஜ் ஏத்திற இடம் வரைக்கும் போறதுக்கும்தான்" என்றாள். நாங்கள் இருவரும் ஓம் என்று தலையாட்டினோம்.

அவள் ஒவ்வொரு காரின் கண்ணாடியாகத் தட்டிப் போனாள். யார் எவர் என்று தெரியாத மனிதர்களுக்கு, முழங்கால் பனியில் நின்று, தன் மாணவிகளுக்குச் சொல்வதைப் போலவே, காலை எப்படி வைப்பது, எப்போது எடுப்பது என்று சொல்லிக் கொடுத்தாள். சுஜீத் பின்னால் நின்று தள்ளினான். சாரதிகள் அவளுடைய குரலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக வாசலுக்குள் போய்ச் சேர்ந்தார்கள். கலியாணமான புதிதில் இந்தப் பிள்ளை வீடு வாசல் பாராமல் ஊரெல்லாம் கார் ஓட்டித் திரிகிறது என்று சொன்னவள் நான். அன்றைக்கு அவளைப் பார்த்து, இப்படி ஒருத்தி எங்கள் வீட்டுக்கு வந்தது நாங்கள் செய்த புண்ணியம் என்று நினைத்தேன். நினைத்ததைச் சொல்லத் தேவையில்லை என்று மொழிபெயர்ப்பாளர் நினைவூட்டினார். இதை எழுதுங்கோ என்று கேட்டுக்கொண்டேன்.

இனிமேல் சொல்லப்போவதை இதுவரை நான் எவருக்கும் சொல்லவில்லை.

திரும்பிப் பார்க்கிறேன், மதிலடியில் கணவரைக் காணவில்லை. ட்ரக்கின் முன்மூடி திறந்திருந்தது. போய்ப் பார்த்தால், மனிசன் ரைஸ் குக்கரைப் பிளக் பண்ணிவிட்டு, அடுப்படியில் பூனை இருப்பதைப் போலப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறார். சோறு கொதித்து மூடி ஆடுகிறது. "என்ன கோதாரி இது! உங்களுக்கென்ன விசரே? அவள் படிச்சுப் படிச்சுச் சொன்னவள்" என்று கேட்டேன். "இஞ்சேரும், சத்தம் போடாதையும். நோயாளி போயிட்டார்தானே, இனி ஆருக்குக் கரண்ட்? எல்லாரும் பசியில நிக்கினம்" என்றார். வயரைப் பிடுங்கக் கையை நீட்டினேன். "இப்ப நிப்பாட்டினால் அரைவேக்காடு. அரைவேக்காட்டுச் சோத்தை ஆர் தின்னுறது?" என்று கேட்டார். முப்பது வருடம் சமையலறையில் நின்ற எனக்கு அரைவேக்காடு பொறுக்காது. கையை எடுத்துவிட்டேன்.

நான் கண்ணால் கண்டது இது: எங்களுக்கு இரண்டு பக்கமும் ட்ரக்கின் முன்விளக்குகள் விட்டு விட்டு எரிந்தன. குக்கரில் இருந்து எழும்பிய ஆவி ஒவ்வொரு முறையும் செம்மஞ்சளாக மாறி, மறுபடி வெள்ளையானது. என் கணவருடைய முகமும் அப்படித்தான் செம்மஞ்சளாகத் தெரிந்து மறைந்தது. அந்த நேரத்தில்தான் பின்னால் நீலக் கார் வளைவில் சறுக்கி வந்து ட்ரக்கின் பின்மூலையில் இடித்தது. ட்ரக் ஒரு சாண்கூட அசையவில்லை. குக்கரின் மூடி மட்டும் துள்ளியது. என் கணவர் இரண்டு கையாலும் குக்கரைப் பிடித்தார். பக்கத்தில் நின்ற என்னைப் பிடிக்கவில்லை, அதையும் எழுதுங்கள். இடித்த பிறகும் விளக்குகள் எரிந்தன, குக்கரின் சிவப்புப் பொட்டு விளக்கும் எரிந்தது. அந்த ட்ரக் மட்டும் அங்கே நின்றிருக்காவிட்டால், நீலக் கார் கீழே மனிதர்களோடு நின்ற கார்களுக்குள் போய் விழுந்திருக்கும். என் பேத்தியும் அங்கேதான் இருந்தாள்.

அதன் பிறகு அந்தக் கனவானை இறக்கி, மதிலடியில் இருத்தி, என் போர்வையைப் போர்த்தினேன். மணிக்கட்டில் சிறிய நோவைத் தவிர வேறு காயம் இல்லை. "சொறி, சொறி" என்று திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். அதற்கிடையில் சோறு வெந்து குக்கரின் சுவிச் "டிக்" என்று விழுந்தது. என் கணவர் ஒரு கோப்பையில் சோறு போட்டு, குழம்பு விட்டு, ஓரத்தில் சம்பல் வைத்து, கரண்டியோடு அவரிடம் கொடுத்தார். ஊதிச் சாப்பிடச் சொல்லி நான் கையால் காட்டினேன், அவர் கவனிக்கவில்லை. முதல் வாயிலேயே நாக்கைச் சுட்டுக்கொண்டு "ஊ" என்று கத்தி, ஒரு பிடி பனியை அள்ளி வாய்க்குள் போட்டார். அதன் பிறகு ஊதி ஊதி முழுவதையும் சாப்பிட்டு, கோப்பையை நீட்டி இன்னும் வேண்டும் என்று கேட்டார். இரண்டாம் முறையும் நான்தான் போட்டேன். சம்பலுக்குக் கண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டார்.

சிவரூபினி ஓடிவந்து எங்களைத் தடவிப் பார்த்தாள். அதன் பிறகு சோற்றைக் கண்டு "இது எங்கால?" என்று கேட்டாள். "வீட்டில இருந்து சுடுசட்டியில கொண்டந்தது பிள்ளை" என்று என் கணவர் கண்ணும் இமைக்காமல் சொன்னார். நான் வானத்தைப் பார்த்தேன். அவளுக்கு யோசிக்க நேரமில்லை. பண்ணையில் எல்லோரும் கூடியபோது அவள் அத்தனை பேருக்கும் முன்னால், "மாமாவும் மாமியும் சொன்ன சொல்லுக் கேட்டு நிண்டபடியாலதான் லைற் கடைசிவரைக்கும் தாங்கினது" என்று எங்களைப் புகழ்ந்தாள். அதற்குப் பிறகு எந்த வாயைத் திறப்பது? ட்ரக்கிற்கு அன்றிரவு பண்ணைக்காரர் தன்னுடைய மாட்டுக்கொட்டில் பிளக்கில் சார்ஜ் கொடுத்தார். நாங்கள் சுகமாக வீடு வந்து சேர்ந்தோம்.

ஒட்சிசன் மெசினுக்குக் கரண்ட் கொடுத்த கதை அன்று பண்ணையில் எல்லோர் வாயிலும் இருந்தது. அதைக் கேட்டுத்தான் அந்தக் கனவான் பற்றறி செத்துவிட்டது என்று பிறகு சொல்லத் தொடங்கினார் என நினைக்கிறேன். ட்ரக்கின் சேதமடைந்த பகுதியைக் கழற்றிச் சோதித்த அறிக்கை இன்னும் வரவில்லை என்று உத்தியோகத்தர் சொன்னார். என் மருமகளிடம் கேட்டபோது, தான் மதிலுக்கு அப்பால் நின்றபடியால் மோதிய நொடியில் விளக்கு எரிந்ததைத் தன் கண்ணால் காணவில்லை என்று சொல்லியிருக்கிறாள். தன்னைக் காப்பாற்றக்கூட ஒரு பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. ஒரு குக்கர் சோற்றுக்குப் பொய் சொன்னவர்கள் நாங்கள். கண்டவர்கள் நாங்கள் இருவர் மட்டும்தான்.

இன்றும் அவளே என்னைக் கூட்டிவந்து, வெளியே காருக்குள் காத்துக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்குப் போகும் வழியில் குக்கர் கதையை என் வாயாலேயே அவளுக்குச் சொல்வேன். அவள் ஏசினால் கேட்டுக்கொள்வேன். அந்தப் பச்சை அட்டை அவளுடைய கண்ணாடியில் இருந்தால் எனக்கு அது போதும்.

அந்தக் கனவான் கெட்டவர் என்று நான் சொல்லவரவில்லை. பயந்த மனிதன் தன் பிழையை மற்றவருடைய தலையில் கட்டுவது உலகத்தில் நடப்பதுதான். அவரிடம் ஒரேயொரு கேள்வி மட்டும் கேளுங்கள். அந்தக் குளிரில், லண்டனில் இருந்து கொண்டுவந்த சோறு அவ்வளவு நேரமும் கொதித்துக்கொண்டு இருக்காது. ட்ரக்கின் பற்றறி செத்திருந்தால், அவருடைய நாக்கை எது சுட்டது?

இவ்வளவும் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது. நான் கண்டதும் செய்ததும் இவைதான், என் பேத்தியின் தலைமேல் கைவைத்துச் சொல்லக்கூடியவை. திருத்த ஏதும் உண்டா என்று கேட்டார்கள். குக்கரைப் பிளக் பண்ணியது நான் அல்ல, என் கணவர் என்ற இடத்தின் கீழே ஒரு கோடு போடச் சொன்னேன். போட்டார்கள். அதன் பிறகு கையொப்பம் இட்டேன்.

(ஒப்பம்) தவமலர் யோகலிங்கம்