காளியம்மாள் கேட்ட பெயர்

பகல் பன்னிரண்டு. உச்சி வெயில். பாபநாசத்துக்குத் தெற்கே ஒரு வாய்க்கால் கரைச் சாலை... ஆள் நடமாட்டமே கிடையாது. நூர்ஜஹான், நீதானே கேட்டாய், நம் கோஷ்டி மேடையில் ஒப்பாரி மட்டும் ஏன் பாட விடுவதில்லை என்று? வேனுக்கு வேறு டயர் வர எப்படியும் ஒரு மணி நேரமாகும். நெருங்கி உட்காருங்கள். நடுவில் யாராவது சிரித்தால் எழுந்து போய்விடுவேன், ஆமாம்.

இது என் அக்கா வீட்டுக்காரரின் சித்தப்பா துரைராசுவுக்கு நடந்தது. பண்ணை வீட்டுப் பிள்ளை. மெட்ராஸில் கிதாரும் டிரம்ஸும் சேர்த்து நாட்டுப் பாட்டு பாடிய கோஷ்டிக்கு அவர்தான் தலை. எழுபத்தெட்டில் ஊருக்கு வந்தார், சிங்கப்பூர் டேப் ரெக்கார்டரோடு. நடவுப் பாட்டு, தாலாட்டு, கும்மி... கிடைத்ததையெல்லாம் பதிந்தார். கேசட் மேல் தேதி மட்டும் எழுதுவார். பாடியவர் பெயரை எழுதமாட்டார். அதுவே எனக்குப் பிடிக்காது.

ஒப்பாரிக்குப் பக்கத்து ஊர் காளியம்மாளைக் கூட்டிவந்தார். எழவு வீடுகளில் அழப் போகிறவர். சாவு விழாத வீட்டில் அதைப் பாடக்கூடாது என்று அந்த அம்மாள் பண்ணை வீட்டு வாசலையே மிதிக்கவில்லை. அதனால்தான் வாய்க்கால் கரை. அவர்கள் இரண்டு பேர், நடுவில் அந்தப் பெட்டி. காய்ந்த சேற்று வாடை.

காளியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டார்.

"ஆளு பேரு இல்லாம எனக்கு அழுவ வராதுங்க. செத்தவங்க யாரு பேராச்சும் குடுங்க."

துரைராசு தன் தாத்தா பெயரைச் சொல்லியிருக்கலாம். செத்துப்போன ஆள் எத்தனை பேர் இல்லை? அவர் வாயில் வந்தது, "மருதையன்."

மருதையன் உயிரோடு இருந்தான். அவர்கள் பண்ணையிலேயே வேலை பார்த்தவன். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது, துரைராசுவின் அப்பா ஆறு ஏழு ஏக்கர் வரும் ஒரு வேலி நிலத்தை அவன் பெயரில் பினாமியாக எழுதி வைத்திருந்தார். ஊர் ஊருக்கு அப்படித்தான் செய்தார்கள். மெட்ராஸில் எந்தக் கட்சி ஆண்டாலும் அந்த வீட்டு வாசலில் அந்தக் கட்சிக் கொடி பறக்கும், யாரும் கேட்கமாட்டார்கள். மருதையன் கேட்டான். பத்திரத்தில் என் பெயர்தானே இருக்கிறது, நிலம் எனக்குத்தான் என்று இறங்கி உழுதுவிட்டான். 'சின்னய்யா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் துரைராசுவைத் 'தம்பி' என்று கூப்பிட ஆரம்பித்தான்.

முதல் நாள் ராத்திரி கொல்லையில் கை கழுவும்போது, அப்பா இரண்டு ஆட்களிடம் பேசியது துரைராசுவின் காதில் விழுந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி மருதையனுக்கு முறைத்தண்ணீர், மடையைத் திறக்கத் தனியாகத்தான் வருவான் என்று. அவ்வளவுதான் பேச்சு. புரிந்துவிட்டது. பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டார். அந்தப் பெயர்தான் மறுநாள், புதன்கிழமை, நாக்கில் நின்றது.

காளியம்மாள் அரை மணி நேரம் மாரடித்து அழுதார். வெள்ளிக்கிழமை ராத்திரி மருதையன் செத்தான். குடித்துவிட்டு வாய்க்காலில் விழுந்ததாக எழுதி மூடினார்கள். அவன் பெண்டாட்டி பொன்னுத்தாய் ஒவ்வொரு ஆபீஸாக ஏறி இறங்கினாள். துரைராசு மெட்ராஸுக்குப் பஸ் ஏறிவிட்டார். எனக்கு இந்த இடத்தில்தான் ஆத்திரம் வரும். இரண்டு நாள் இருந்ததய்யா... ஒரு வார்த்தை!

பதினொரு வருஷம் போயிற்று. அப்பா போய்ச் சேர்ந்தார். பழைய பதிவுகளைப் பாட்டாகப் போடலாம் என்று துரைராசு ஊருக்கு வந்து, பிஸ்கட் டின்னிலிருந்து அந்தக் கேசட்டை எடுத்துப் போட்டார். அன்றும் புதன்கிழமை. அவர் அதைக் கவனிக்கவில்லை.

ஒப்பாரி முடிந்தது. பிறகு வெறும் இரைச்சல்... ஸ்ஸ்ஸ் என்று. நிறுத்தப் போனார். டேப்பில் ஒரு இருமல். பீடி குடிக்கிறவன் இருமல்.

"தம்பி... இன்னும் ரெண்டு நாள் இருக்கு."

கேசட்டை வெளியே எடுத்துப் பார்த்தார். அவர் கையெழுத்துதான், அதே தேதிதான். கரையில் வேறு யாரும் இருக்கவில்லையே! ராத்திரி முழுக்கக் கொட்டக் கொட்ட விழித்திருந்தார்.

வியாழக்கிழமை மறுபடி போட்டார். அதே இடம். அதே இருமல்.

"நாளைக்குத்தான் தம்பி. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நான் போவல."

அப்போதாவது பொன்னுத்தாயிடம் போயிருக்கலாம் இல்லையா? போய் என்ன சொல்வது என்று வெட்கம். பதினொரு வருஷத்துக்கு அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போவது? கேசட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். வெள்ளிக்கிழமை வந்தது. ராத்திரி பத்து மணிக்குப் பூட்டைத் திறந்து எடுத்துப் போட்டார்.

இருமல் இல்லை. இரும்பு தரையில் உரசுகிற சத்தம்.

"மம்பட்டிய எடுத்துட்டேன் தம்பி."

ஓடினார். செருப்பில்லை, சட்டையில்லை. வாய்க்கால் கரையோடு ஒரு மைல். வயலில் தவளைச் சத்தம் ஒன்றுகூட இல்லையாம். பொன்னுத்தாய் வீட்டுக் கதவை இரண்டு கையாலும் தட்டினார். அவள் திறந்தாள். கையில் சிம்னி விளக்கு. தலை நரைத்துவிட்டது. அவள் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மருதையன மடைக்குப் போவ வேணாம்னு சொல்லு பொன்னுத்தாயி. எங்கப்பா ஆளு வச்சிருக்காரு. எனக்குத் தெரியும்... எனக்கு முன்னாடியே தெரியும்."

அழுதார். அழுகை அடங்கும் வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதாங்க? இப்பத்தான் சாப்ட்டுட்டுக் கெளம்புனாரு."

விளக்கைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தாள். அவளுக்குப் பின்னால் தரையில் ஒரு தட்டு. நாலு பருக்கை ஒட்டியிருந்தது. அதில் கை கழுவிய தண்ணீர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.