அக்காவைக் கொன்ற பாட்டு

பரிசு வாங்க எல்லாரும் ரெடியா இருக்கீங்க, தெரியுது. ஆனா என் கையில மைக்கக் குடுத்துட்டீங்களே... ஒரு குட்டிக் கதைய எறக்கி வைக்காம நான் எறங்க மாட்டேன். கிராமியப் பாட்டுப் போட்டியில்ல? கதையும் ஒரு பாட்டுக்காரனப் பத்தித்தான்.

கோவில்பட்டிக்கு மேக்க ஒரு ஊரு. அங்க தவசிலிங்கம்னு ஒருத்தன். சும்மா சொல்லக் கூடாது, நல்ல கொரலு. அவனுக்கு ஒரே ஒரு அக்கா, பேச்சித்தாய். அக்கா புருசன் மாடக்கண்ணு, மாவு மில்லு வச்சிருக்காரு. எப்பேர்ப்பட்ட மனுசன் தெரியுமா? மொளகா அரைச்சா பொண்டாட்டிக்குத் தும்மல் வரும்னு, அன்னைக்கு அந்தம்மாவ மில்லுப் பக்கமே விட மாட்டாரு. பேச்சும் கம்மி. மில்லு ஓடுற எடத்துல பேசி யாருக்குக் கேக்கப் போகுது?

தவசி ஊரப் பத்திப் பாட்டுக் கட்டினான். வெதப்பு, அறுப்பு, கொளம் நெறஞ்சது, கொமரிப் புள்ளைங்க கேலி பேசுனது... எல்லாம் கட்டினான். மேடை ஏறிப் பாடினான். சனம் என்ன செஞ்சுச்சு? முறுக்குத் தின்னுச்சு.

யோசிச்சான் பய. ஒப்பாரி ஒண்ணு கட்டினான். என்ன ஒப்பாரி? அக்கா செத்துப் போனா. குடிகாரப் புருசன் அடிச்ச அடி தாங்காம கெணத்துல விழுந்து செத்துப் போனா. தம்பி பொங்கச் சீரு கொண்டு போறான்... எதுக்க பாடை வருது. அவ்வளவுதான், சனம் கதறிருச்சு. டிவியில கூப்பிட்டாங்க. இது ஒங்க சொந்தக் கதையான்னு கேட்டாங்க. நம்மாளு என்ன சொல்லியிருக்கணும்? கட்டுன பாட்டுங்கன்னு சொல்லியிருக்கணும். தோள்ல கெடந்த துண்ட எடுத்துக் கண்ணத் தொடச்சான்... ஆமாம்னுட்டான்.

அக்காக்காரி வீட்டுல உக்காந்து அந்த டிவியத்தான் பாத்துக்கிட்டு இருக்கா. அவளுக்குச் சிரிப்பு. என்னயக் கொன்னாத்தான் அவனுக்குச் சோறுன்னா கொன்னுட்டுப் போறான்னு விட்டுட்டா. மாடக்கண்ணு எந்திரிச்சு மில்லுக்குப் போயிட்டாரு.

அதோட போயிருக்கும். ஆனா அக்கா மக வினோதினிக்கு ஒரு வரன் வந்துச்சு. பையனுக்குப் பொண்ணப் புடிச்சிருக்கு, பொண்ணுக்குப் பையன ரொம்பவே புடிச்சிருக்கு. தட்டு மாத்துறதுதான் பாக்கி. பையனோட அப்பா சீனிராசு, பேச்சுவாக்குல பொண்ணுக்குத் தாய்மாமன் யாருன்னு கேட்டாரு. பாட்டுக்காரன் தவசிலிங்கம்னு சொன்னாங்க. மனுசனுக்கு மூஞ்சி மாறிப் போச்சு. அந்த ஒப்பாரியக் கேட்டு விக்கி விக்கி அழுத ஆளு அவரு. மாடக்கண்ண மேலயும் கீழயும் ஒரு பார்வ பாத்தாரு. பேச்சித்தாய்க்கு வெவரம் புரிஞ்சுபோச்சு. காபித் தட்டோட முன்னால வந்து, "அண்ணாச்சி, அந்தப் பாட்டுல செத்துப்போன அக்கா நாந்தான்" அப்படின்னா.

சீனிராசு எரக்கமாப் பாத்தாரு... "அப்ப நீங்க ரெண்டாந்தாரமாம்மா?"

நீங்க சிரிக்கிறீங்க. உள் ரூம்புல அந்தப் புள்ள அழுதுக்கிட்டு இருக்கு.

பொண்டாட்டியச் சாகடிச்ச வீட்டுல பொண்ணெடுக்க மாட்டோம்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. வினோதினி மாமனுக்குப் போன் போட்டா. எனக்கு அந்தப் பையன்தான் வேணும், எங்கப்பா மேல போட்ட பழிய நீங்களே வந்து எடுங்கன்னு சொல்லிட்டு வச்சுட்டா. தவசி நல்லா மாட்டிக்கிட்டான். பொய்யின்னு சொன்னா பொழப்பு போச்சு. சொல்லாட்டி மருமக வாழ்க்க போச்சு. நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?

சீனிராசு ஊர்ல கோயில் கொடைத் திருவிழா வந்துச்சு. கச்சேரி தவசியோடது. அக்காவையும் மச்சானையும் முன்னால உக்கார வச்சுட்டு மேடை ஏறினான். பயல இவ்வளவு நேரம் ஏசியாச்சு... ஆனா சொல்லிட்டான்யா.

"இந்தா உக்காந்திருக்கிறதுதான் எங்கக்கா. நல்லா இருக்கு. எங்க மச்சான் குடிச்சதும் இல்ல, கை நீட்டுனதும் இல்ல. கைதட்டலுக்கு ஆசப்பட்டு நான் கட்டுன பொய் அது."

கூட்டத்துக்குப் பின்னாலருந்து ஒரு கொரலு. "சரிப்பா... அந்தப் பாட்டப் பாடு."

பாடினான். வேற என்ன செய்வான்? ஊரே அழுதுச்சு. சீனிராசு அழுறாரு. பேச்சித்தாயும் முந்தானைய எடுத்துக்கிட்டு அழுறா... தனக்குத்தானே! சீனிராசு அவ பக்கம் திரும்பி, "பாவம்மா அந்தப் பொண்ணு"ங்காரு.

சம்பந்தம் கூடிருச்சு. கல்யாணமும் நடந்துச்சு. ஆனா மாடக்கண்ணு சாம்பார் வாளியோட பந்தியில வந்தா, மாப்பிள்ள வீட்டுப் பொம்பளைங்க எலைய மறைக்கிறாங்க. அந்தாளுதானாம்னு குசுகுசுன்னு பேச்சு. கொடையில உண்மையக் காதால கேட்ட அதே பொம்பளைங்க. தவசி பாத்துட்டான். தாங்கல அவனுக்கு. மச்சான் கையப் புடிச்சுக்கிட்டான். ஊரறிய உண்மையச் சொல்லிட்டேனே மச்சான், இன்னும் ஏன் இப்படிப் பாக்குறாங்கன்னு கேட்டான்.

மாடக்கண்ணு மொதத் தடவையா வாயத் தொறந்தாரு. "பொய்ய மெட்டுப் போட்டுப் பாடுன மாப்ள. உண்மைய வெறும் வாயால சொன்ன. எது நிக்கும்?"

எதுங்க நிக்கும்?

பாட்டு எழுதுற தம்பிகளா, தங்கச்சிகளா... இன்னைக்கு நீங்க பாடுனத எல்லாம் கேட்டேன். எல்லாப் பாட்டுலயும் ஊரு செத்துருது. கொளம் காஞ்சிருது, மாடு விழுந்துருது, மனுசன் தூக்குல தொங்கிர்றான். கஷ்டம் இல்லைன்னு சொல்ல நான் யாரு? இருக்கு. ஆனா காலையில பஸ்ஸேத்தி விட்ட ஒங்கப்பா, அண்ணன், மச்சான்... அவங்களும் அந்த ஊர்லதான இருக்காங்க? அந்த நல்ல மனுசங்களுக்கு ஒரு மெட்டு ஒங்களுக்கு அகப்படலையா? கேக்குறவங்களே, நீங்க மட்டும் என்ன யோக்கியம்? நாம அழணுங்கிறதுக்காக ஒருத்தன் சாகணும், ஒருத்தன் குடிகாரனாகணும். அழுது முடிச்சுட்டு, பக்கத்துல உயிரோட இருக்கிறவ யாருன்னு திரும்பிப் பாக்குறோமா? தவசிய மட்டும் குத்தம் சொல்லாதீங்க. அவன் பாட்ட வித்தான், வாங்குனது நாமதான். ஒங்க வீட்டு மாடக்கண்ணு யாருன்னு ஒங்களுக்குத் தெரியும். அவரு காதுல விழும்போதே அவரப் பாடுங்க... ஒருத்தனும் கை தட்டலைன்னாலும் பாடுங்க.