மூன்று குண்டா, உரிமையாளர் தெரிவித்தபடி

மழைக்காலத்தில் கம்பி விலை கொஞ்சம் இறங்கும். வீடு கட்டக் கிளம்புகிறவர்கள் யாரும் இதை நம்புவதில்லை. மழை விட்டதும் எல்லோருமாகச் சேர்ந்துபோய் விலையை ஏற்றிவிட்டு வாங்குவார்கள். இதை என் மைத்துனன் சங்கரனிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். ஆகவே, "அத்தான் என்கிட்ட எதையுமே சொல்லலை" என்று குடும்ப வாட்ஸப் குழுவில் அவன் போட்டிருப்பது முழு உண்மை ஆகாது.

நடந்ததை எழுத்தில் தரும்படி கேட்டிருக்கிறான். பாளையங்கோட்டைச் சித்தப்பா முதல் எல்லோரும் படிக்க வேண்டுமாம். ராணுவக் கட்டடப் பிரிவில் முப்பத்தொரு வருடம் எஸ்டிமேட் போட்டவன் நான். எழுத்தில் கேட்டால் எழுத்தில் கொடுத்துத்தான் பழக்கம். பெயர் அருணாச்சலம். வயது அறுபத்தாறு. புனேயில் விஷ்ராந்த்வாடியில், இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டில், மனைவி மங்கையர்க்கரசியுடன் வசிக்கிறேன். மனைவியுடன் வசிக்கிறேன் என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளவும்.

சங்கரன் மங்கையின் ஒரே தம்பி. கராடியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் துணைத் தலைவர். அங்கே மொத்தம் நூற்று நாற்பது துணைத் தலைவர்கள் என்பது அவன் மனைவி ப்ரீதி வாய்தவறிச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இருபது வருடம் சென்னையில் இருந்துவிட்டு ஆறு வருடம் முன்பு இங்கே வந்தான். மராத்தி தெரியாது, கற்றுக்கொள்ள நேரமில்லை என்பதை இன்னொரு பதவியைப் போலச் சொல்வான். போன ஆவணியில் தளேகாவைத் தாண்டி ஒரு மனை வாங்கினான். பத்திரம் பதிந்த கையோடு பேடா பெட்டியும் மொறுமொறுப்பான பாகர்வடியுமாக எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"மூணு குண்டா அத்தான். எழுபத்தஞ்சு லட்சம். சதுர அடி ஆயிரத்து நாப்பதுதான் விழுது. நீங்க இத்தனை வருசம் இந்த ஊர்ல இருந்து என்ன பிரயோசனம், சொல்லுங்க."

இங்கே ஒரு விளக்கம் தேவை. மகாராஷ்டிரத்தில் நிலத்தைக் குண்டாக் கணக்கில் விற்பார்கள். ஒரு குண்டா என்பது முப்பத்து மூன்றடிக்கு முப்பத்து மூன்றடி. ஆயிரத்து எண்பத்தொன்பது சதுர அடி. சென்னையில் கிரவுண்டு. ஒரு கிரவுண்டு இரண்டாயிரத்து நானூறு சதுர அடி. எழுபத்தைந்து லட்சத்தை எதனால் வகுத்தால் ஆயிரத்து நாற்பது சொச்சம் வரும் என்று மனத்துக்குள் பின்னோக்கிப் போனேன். ஏழாயிரத்து இருநூறால். அதாவது மூன்று கிரவுண்டு. குண்டாவும் கிரவுண்டும் ஒன்று என்று சங்கரன் நினைத்துக்கொண்டிருந்தான். அலுவலகத்தில் இன்னொரு சென்னைக்காரர் அப்படிச் சொன்னாராம். அவரும் துணைத் தலைவர்தான். பத்திரம் மராத்தியில் இருந்தது. தமிழில் இருந்தாலும் படித்திருக்கமாட்டான். தரகர் கையை வீசித் தொலைவில் ஒரு மாமரத்தைக் காட்டினார்; இவன் மாமரம் வரைக்கும் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் வாயில் பாகர்வடி இருந்தது. பாகர்வடியை ஒழுங்காக மென்று விழுங்க அரை நிமிடம் ஆகும். அதற்குள் பேச்சு இத்தாலியப் பளிங்குக்குப் போய்விட்டது. இன்னொருவர் பேச்சை இடையில் வெட்டுவது என் வழக்கமில்லை. அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தது என்பதையும், ஐந்து மாதமும் என் வாயில் பாகர்வடி இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வரைபடத்தைச் சென்னையில் இருக்கும் அவன் சிநேகிதர் அங்கிருந்தபடியே போட்டார். மனை அறுபதடிக்கு நூற்று இருபதடி என்று சங்கரன் சொன்னதை நம்பிப் போட்டார். வீடு என்று சொன்னால் சங்கரன் திருத்துவான், வில்லா. பெயர் 'சங்கரம்'. அந்தப் பெயரைக் கருங்கல்லில் மூன்று மொழியில் செதுக்கி, கல் மட்டும் முதலில் தயாராகி, அவன் கார் டிக்கியில் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது. வாசலில் நீரூற்று. சினிமா பார்க்க ஓர் அறை, தியானம் செய்ய ஒரு மேடை, மூன்று பேர் உள்ள குடும்பத்துக்கு ஏழு கழிப்பறை.

"எஸ்டிமேட் நீங்களே போட்டிருங்க அத்தான். சும்மாதானே இருக்கீங்க, பொழுதும் போகும்லா" என்றான்.

நான் கோபப்படவில்லை. வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். கீழ்த்தளத்தில் தெற்குப் பக்கமாக ஓர் அறை. தனி வாசல், தனிக் குளியலறை, சின்னதாகச் சமையல் மேடை, வெளியே ஐந்தடிக்கு எட்டடியில் ஒரு செடிப் பாத்தி. 'அக்கா ரூம்' என்று எழுதியிருந்தது. எங்கள் இருவருக்கும் ஓர் அறை ஒதுக்கியிருக்கிறானே என்று மனம் நெகிழ்ந்தது. பிறகு ஸ்கேலை வைத்தேன். அந்த வீட்டில் எல்லாப் படுக்கையறையிலும், எப்போதோ வரப்போகிற விருந்தாளியின் அறையிலும்கூட, ஆறடி அகலக் கட்டில் வரைந்திருந்தது. அக்கா ரூமில் கட்டிலின் அகலம் மூன்றடி.

மறுபடியும் அளந்தேன். மூன்றடி.

மங்கையிடம் நான் எதுவும் கேட்கவில்லை. அளவு கையில் இருக்கும்போது ஆளைக் கேட்பது எங்கள் பிரிவில் முறையில்லை. அவள் எதிரே உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "ரூம் நல்லா இருக்குல்லா?" என்று மட்டும் கேட்டாள். காற்றோட்டம் போதும் என்றேன்.

மங்கை இருபத்தெட்டு வருடம் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். சொந்தமாக வீடு கட்ட வேண்டும், தொட்டியில் இல்லாமல் மண்ணில் செடி வைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அவளுக்கு நான் எஸ்டிமேட் போட்டுக்கொடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பதினொன்று போட்டிருக்கிறேன். முதலாவது தொண்ணூற்றாறில், நான்கு லட்சத்து அறுபதாயிரம். கையில் ஐந்து லட்சம் இருந்தது. சிமென்ட் மூட்டைக்குப் பத்து ரூபாய் இறங்கட்டும் என்றேன். இறங்கவில்லை. இரண்டாயிரத்து இரண்டில் ஒன்பது லட்சம், மணல் சரியில்லை. இரண்டாயிரத்துப் பத்தில் இருபத்தாறு லட்சம், கொத்தனார் சரியில்லை. பதினொன்றையும் அவள் ஒரு நீலக் கோப்பில் தேதிவாரியாக வைத்திருக்கிறாள். ஒன்றில்கூடக் கூட்டல் பிழை கிடையாது. புனேயில் கட்டப்படாத வீடுகளிலேயே மிகத் துல்லியமாகக் கணக்கிடப்பட்டது எங்களுடையதுதான்.

சங்கரன் விஷயத்துக்கு வருகிறேன். கார்த்திகையில் ஒருநாள் லோக்கல் ரயிலில் தளேகாவ் போய் மனையைத் தனியாகப் பார்த்துவிட்டு வந்தேன். இடத்தைப் பார்க்காமல் நான் விலை போடுவதில்லை. நான்கு மூலையிலும் கல் நட்டிருந்தது. தெற்குப் பக்கக் கல்லைத் தாண்டி ஷேலார் என்ற விவசாயி கொண்டைக்கடலை போட்டிருந்தார். அவரோடு தேநீர் குடித்தேன். விளைச்சல் எப்படி, விலை எப்படி என்று விசாரித்தேன். நல்ல மனிதர்.

மார்கழியில் சங்கரன் போன் செய்து, மனையைச் சுற்றிச் சுவர் எழுப்ப எத்தனை அடி ஓடும் என்று கேட்டான். முந்நூற்று அறுபது என்றேன். அவன் வாங்கிய மனை முப்பத்து மூன்றடிக்குத் தொண்ணூற்றொன்பதடி, அதற்குச் சரியான விடை இருநூற்று அறுபத்து நான்கு. அவன் கேட்ட மனைக்குச் சரியான விடை முந்நூற்று அறுபது. கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்ல முடியும்.

அறுபத்து நான்கு பக்கம் போட்டுக் கொடுத்தேன். ஒரு கோடியே தொண்ணூற்று நான்கு லட்சம். முதல் பக்கத்திலேயே, 'மனையின் பரப்பு: மூன்று குண்டா, உரிமையாளர் தெரிவித்தபடி' என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். சங்கரன் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு, "பரவால்லியே" என்றான். எஸ்டிமேட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பவர்களால்தான் இந்த நாட்டில் கட்டடங்கள் எழும்புகின்றன.

தை மாத வாஸ்து நாளில் பூமி பூஜை. அரசாங்க அனுமதி இன்னும் வரவில்லை. அனுமதி பின்னால் வரும், வாஸ்து நாள் போனால் வராது என்றான். காலை பத்தே முக்காலுக்குள் தொடங்கி அரைமணியில் முடிக்க வேண்டும். கராடியிலிருந்து நாற்பது பேர். அவர்களில் பன்னிரண்டு பேர் துணைத் தலைவர்கள். பாளையங்கோட்டையிலிருந்து சித்தப்பா வீடியோவில். தூக்குச்சட்டி நிறையக் கேசரி. சங்கரன் பட்டு வேட்டியும் கூலிங்கிளாஸுமாக நின்றான்.

பூஜை முடிந்ததும் வீட்டின் வடிவத்தைச் சுண்ணாம்பில் தரையில் போட்டுக் காட்டச் சொன்னான். விருந்தினர்கள் அறை அறையாக நடந்து பார்க்க வேண்டுமாம். டேப்பின் ஒரு முனையைக் கொத்தனார் பிடித்தார். மறு முனையை நான் பிடித்தேன். யாரும் என்னைப் பிடிக்கச் சொல்லவில்லை. முப்பத்து மூன்றாவது அடியில் எல்லைக் கல் இருந்தது. அதைத் தாண்டிக் காலை வைத்தேன். கொத்தனார் என்னைப் பார்த்தார். நான் டேப்பைப் பார்த்தேன். வரைபடம் முடிந்த இடத்தில் போய் நின்றபோது என்னைச் சுற்றி முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே பச்சையாகக் கொண்டைக்கடலை.

சமையலறை, சினிமா அறையில் பாதி, அக்கா ரூம் முழுவதும் ஷேலாரின் கடலையில் விழுந்தன. நாற்பது பேரும் அறை அறையாக நடந்தார்கள். ஒரு துணைத் தலைவர் சினிமா அறையில் ஒரு செடியைப் பிடுங்கி, கடலையை உரித்துத் தின்று, ஆர்கானிக் என்று சான்றளித்தார்.

அப்போது ஷேலார் வந்தார். சத்தம் போடவில்லை. கல்லைக் காட்டி, "தீன் குண்டே இத்தே சம்பலே" என்றார். மூன்று குண்டா இங்கே முடிந்துவிட்டது என்று பொருள். சங்கரனுக்கு மராத்தி புரியாவிட்டாலும் விரல் புரிந்தது. பிறகு கூட்டத்தில் என்னைக் கண்டு ஷேலார் முகம் மலர்ந்தார். போன தடவை வந்தபோது வெறும் தேநீரோடு அனுப்பிவிட்டேன், இன்றைக்காவது வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும் என்று இந்தியில் சொன்னார். சங்கரனுக்கு இந்தி தெரியும்.

"போன தடவையா? எப்ப அத்தான்?"

"கார்த்திகையில."

"அப்பமே உங்களுக்குத் தெரியும்."

"முதல் பக்கத்துல எழுதியிருக்கேன்."

ப்ரீதி அங்கேயே நின்று போனில் எஸ்டிமேட்டைத் திறந்தாள். கோயம்புத்தூர்ப் பெண், அந்த வீட்டில் எதையும் படிக்கிற ஒரே ஆள் அவள்தான். முதல் பக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டே போய் ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் நின்றாள்.

"ஏனுங்கண்ணா, பக்கத்து நிலத்துப் பயிர்ச் சேதம், நாலாயிரத்து ஐநூறுன்னு ஒண்ணு போட்டிருக்கீங்களே. இது எதுக்குங்கண்ணா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சித்தப்பாவும் பார்த்தார். நல்ல எஸ்டிமேட்டில் எதுவும் விடுபடக் கூடாது என்றேன். ஷேலார் ஆறாயிரம் கேட்டார். பேசி நாலாயிரத்து ஐநூறில் முடிந்தது. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை.

மங்கை சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிப் போய், அக்கா ரூமின் நடுவில், செடிகளுக்குள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"மூணு குண்டான்னா எவ்வளவுன்னு எனக்கும் தெரியும். அளவெல்லாம் நீங்க பாத்துக்கிடுவீங்கன்னு விட்டுட்டேன்" என்றாள்.

ஏன் செய்தேன் என்று குழுவில் எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள். சங்கரனின் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை என்பது ஒரு காரணம். மற்றது வெறும் கணக்கு. ஆவணியிலேயே சொல்லியிருந்தால் நிதானமாக உட்கார்ந்து, சின்னதாக, எல்லோருக்கும் இடம் வைத்து வரைந்திருப்பான். நாற்பது பேர் முன்னால் மானம் போனால் மனையை வந்த விலைக்கு விற்றுவிட்டுக் கராடியிலேயே இருந்துவிடுவான்; அப்படியே கட்டினாலும் முதலில் வெட்டுப்படுவது தனி வாசல் வைத்த அந்த ஓர் அறையாகத்தான் இருக்கும். எத்தனையோ வரைபடங்களில் நானே அப்படி வெட்டியிருக்கிறேன். ஆகவே தெரிந்தே, யோசித்தே, ஐந்து மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். மூன்றடிக் கட்டிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆனால் கணக்கில் ஓர் இனம் விடுபட்டுவிட்டது. பூஜை முடிந்த மறுவாரம் சங்கரன் தளேகாவ் இன்ஜினீயர் ஒருவரை வைத்துப் புது வரைபடம் போட்டு எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தான். நீரூற்று போயிற்று. சினிமா அறை போயிற்று. தியான மேடை போயிற்று. ஏழு கழிப்பறை மூன்றாயிற்று. வில்லா என்ற சொல்லும் போயிற்று. அக்கா ரூம் மட்டும் தனி வாசல், சமையல் மேடை, செடிப் பாத்தியோடு அப்படியே இருந்தது. இதை எப்படி விட்டுவைத்தாய் என்று கேட்டேன்.

"அதை எப்படி எடுக்க முடியும் அத்தான்? எழுபத்தஞ்சுல இருபத்தஞ்சு லட்சம் அக்காவோட பி.எஃப். பணம்லா. ஒரு குண்டா அவ பேர்ல இருக்கு."

நான் மங்கையைப் பார்த்தேன். அவள் நிமிரவில்லை.

"பதினொண்ணு நீங்க போட்டீங்க. பன்னெண்டாவது நான் போட்டேன்" என்றாள்.

எத்தனை பக்கம் என்று கேட்டேன்.

மேற்கண்டவை அனைத்தும் உண்மை. சங்கரன் கேட்டிராவிட்டாலும், புது வரைபடத்துக்கும் எஸ்டிமேட் போட்டு இத்துடன் இணைத்திருக்கிறேன். முப்பத்தெட்டுப் பக்கம், தயவுசெய்து முதல் பக்கத்திலிருந்து படிக்கவும். அக்கா ரூமுக்கு ஆறடிக் கட்டிலாகவே விலை போட்டிருக்கிறேன். கூடுதலாக ஆகும் பதினோராயிரம் இதர செலவுகளில் அடங்கிவிடும். வரைபடத்தில் மூன்றடி என்று இருப்பது வரைந்தவரின் கைப்பிழை. முதல் வரைபடம் போட்ட சென்னைக்காரர் செய்த அதே பிழையைத் தளேகாவ்காரரும் செய்திருக்கிறார். இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது, தற்செயல்தான்.